துர்க்காதேவி வனத்தில் ஒரு காலைப்பொழுது

புலியை அதன் காட்டிலேயே காண வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கூண்டுக்குள் உலவும் புலியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தன் இடத்தில், தன் விருப்பம்போல் நடமாடும் புலியைக் காண்பது வேறு அனுபவம். அந்த ஆசையோடு நம் நாட்டுப் புலிக் காப்பகங்களை நாடிச் செல்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. அவர்களில் மிகப் பலர் விரும்புவது, புலி அடிக்கடி தென்படும் என்று பெயர் பெற்ற சில பகுதிகளையே. அதே காப்பகத்துள் அதிகம் பேசப்படாத பகுதிகளும் உண்டு. அத்தகைய ஒரு பகுதியைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். டில்லி, லக்னோ, டேராடூன் முதலிய வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம் அன்பர்களுக்கு அது எட்டாத இடமும் அன்று.

உத்தராகண்ட் மாநிலத்தில், இமயமலையின் அடிவாரத்தில், கார்பெட் புலிக் காப்பகம் அமைந்துள்ளது. ஐக்கிய மாகாணத்தின் கவர்னராக இருந்த மால்கம் ஹெய்லியின் பெயரைத் தாங்கி, 1936-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக அது தோன்றியது. சுதந்தரத்துக்குப் பின் சில ஆண்டுகள் ராமகங்கைத் தேசியப் பூங்கா என வழங்கியது. ஜிம் கார்பெட் 1955-இல் கென்யா நாட்டில் காலமான பின்னர், அவருடைய பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. ஆட்கொல்லி விலங்குகளை வீழ்த்திக் குமாயூன் மக்களின் அச்சத்தைப் போக்கியவர் அவர். அதே மனிதர்தாம் பிற்காலத்தில் துப்பாக்கியைக் காட்டிலும் புகைப்படக் கருவியை விரும்பி ஏந்தினார். புலி அழிந்துபோகும் என்று எச்சரித்தார். அவர் எச்சரிக்கை பொய்க்கவில்லை. 1972-இல் எடுத்த கணக்கில், நாடு முழுவதிலும் 1800-க்குச் சற்றே கூடுதலான புலிகளே தேறின. மறு ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் இதே கார்பெட் காட்டில் தொடங்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி நாட்டில் 3682 புலிகள் உள்ளன. அவற்றுள் 260 புலிகள் கார்பெட் காப்பகத்தில் வாழ்கின்றன. வேறு எந்தக் காப்பகத்திலும் இத்தனை இல்லை.

சுமார் 1288 சதுர கிலோமீட்டர் பரந்த இக்காப்பகத்தைக் காண வருவோருக்கென்று சில பகுதிகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாயில் வைத்திருக்கிறார்கள். பரந்த புல்வெளியும் ஏரி போன்ற நீர்த்தேக்கமும் கொண்ட டிக்காலா, ராம்நகருக்கு அண்மையிலுள்ள பிஜ்ரானி ஆகிய இரண்டின் பெயரும் எங்கும் பரவியவை. அங்கே அனுமதிச் சீட்டுக்குப் பெரும் போட்டி. காப்பகத்தின் வடகிழக்குக் கோடியிலுள்ள துர்க்காதேவிப் பகுதியை நாடுவோர் குறைவு. சமவெளி அங்கே அரிது. மேடும் பள்ளமுமான மலைப்பாங்கு. மரங்களின் அடர்த்தியால் கண்ணுக்கு எட்டும் தூரமும் குறைவு. ஆகவே புலி இருந்தாலும் எளிதில் கண்ணிற் படாது. இதுவே அப்பகுதி புகழ் பெறாமைக்குக் காரணம். அதன் அமைதிக்கும் இதுவே காரணம்.

நாங்கள் சென்றது ஒரு மார்ச்சு மாதத்தில். ராம்நகரிலிருந்து வடக்கே மலைச்சாலையில் மோஹான் என்னும் ஊரைக் கடந்து, பொழுது புலரும் வேளையில் துர்க்காதேவி வாயிலை அடைந்தோம். எங்கள் ஜீப்புக்கு முன்னும் பின்னும் இரண்டொரு வண்டிகளே நின்றன. உள்ளே நுழைந்ததும் நம்மைச் சூழ்ந்துகொள்பவை சால மரங்கள். நெட்டென்று உயர்ந்து வளரும் இம்மரம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. சுக்கிரீவனின் ஐயம் தீர இராமபிரான் ஓர் அம்பினால் துளைத்த ஏழு மரங்களை, வால்மீகி முனிவர் சாலம் என்கிறார். நம் கம்பர் மராமரம் என்கிறார். ஏட்டில் மட்டுமே அறிந்திருந்த அம்மரத்தின் நிழலில் நின்றபோது, அந்தச் செயலின் அருமை எங்களுக்கு நன்கு விளங்கிற்று. ஆங்காங்கே இலவ மரங்கள் இலை உதிர்த்துச் செம்மலர் தாங்கி நின்றன.

சிறிது தூரம் சென்றதும் வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். மலைக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்த முதியவர் அவர். பாதையோரப் புழுதியில் பதிந்திருந்த அடிச்சுவட்டைக் காட்டி, "இது பெண்புலி, பாபுஜி, ஆண்புலியின் அடி இதைவிட அகன்று சதுரமாக இருக்கும்" என்றார். சுவட்டின் விளிம்பு இன்னும் சிதையவில்லை. அதன்மேல் பனித்துளியோ பறவைக் காலடியோ இல்லை. ஆகவே விடிந்தபின் நடந்த புலியே என்று அவர் முடிவு கட்டினார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, பேசாமல் இருக்கும்படி சைகை செய்தார்.

காடு பேசத் தொடங்கியது அதன் பிறகுதான். முதலில் மரவுச்சியிலிருந்து முசுக்குரங்கின் கரகரத்த இருமல். அடுத்துப் புள்ளிமானின் கூவல். பின்னர்ப் பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்து கடமானின் கனத்த குரல். குரங்கும் புள்ளிமானும் சிறுத்தையைக் கண்டாலும் குரல் எழுப்பும். சில சமயம் வெறும் ஐயத்தினாலும் எழுப்பும். கடமான் அப்படி வீணாகக் குரல் கொடுப்பதில்லை என்பது காட்டறிந்தோர் கொள்கை. குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைச்சரிவில் மேலேறிச் செல்லச் செல்ல, கண்ணுக்குத் தெரியாத அந்தப் புலி எவ்வழியே நடக்கிறது என்பதை எங்கள் செவி அறிந்துகொண்டது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிற்று. புலி வெளிப்படவில்லை. ஆயினும் அது எங்கள் அருகில் இருந்தது என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. பின்னே பத்து வண்டிகளின் இரைச்சல் இருந்திருந்தால், அந்தக் குரல்களில் ஒன்றையும் கேட்டிருக்க மாட்டோம்.

இப்பகுதியின் மற்றொரு செல்வம் ஆறு. மந்தால் என்னும் சிற்றாறு இங்கே வந்து ராமகங்கையோடு கலக்கிறது. தெளிந்த மடுக்களில் மகசீர் என்னும் பெரிய மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதைக் கரையிலிருந்தே காணலாம். மழைக்காலத்தில் அம்மீன்கள் முட்டையிட மந்தால் ஆற்றில் ஏறிச் செல்கின்றன. பாறைகளின்மீது நீர்நாய்கள் உலவும். கொண்டை வைத்த பெரிய மீன்கொத்தி கரையோரக் கிளையில் காத்திருக்கும். அகன்ற சிறகுகள் ஓசையெழுப்ப, இருவாய்ச்சிப் பறவை தலைக்குமேல் கடந்து செல்லும்.

ராமகங்கை, கங்கையையும் யமுனையையும் போல் உறைபனிச் சிகரத்தில் பிறக்கும் நதியன்று. தூதாத்தோலி மலைப்பகுதியில் தோன்றி, மழைநீரும் மலையூற்றுகளுமே கதியாக ஓடிவந்து, கன்னௌஜ் அருகில் கங்கையில் கலக்கிறது. மழை பெய்யும்போது அதை உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்தபின் ஊற்றாகக் கசியவிடுவது காடு. மரம் போனால் மண் போகும். மண் போனால் கோடையில் ஆறு வற்றும். ஆறு வற்றினால் சமவெளியின் வயல் காயும். இந்தக் காட்டை இத்தனை ஆண்டுகளாகக் கோடரியிலிருந்து காத்தது புலியின் பெயர். புலியைக் காப்பதாக எண்ணி நாம் ஓர் ஆற்றையே காத்திருக்கிறோம். புலி தென்படாத பகுதி பயனற்றது என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

பெயர் பெற்ற பகுதிகளில் ஒரு புலி வெளிப்பட்டால் நிகழ்வது என்ன? செய்தி நொடியில் பரவுகிறது. நாற்புறமிருந்தும் வண்டிகள் விரைகின்றன. பாதையைக் கடக்க வந்த புலி, கடக்க வழியின்றிப் புதருக்குள் திரும்புகிறது. இத்தகைய நெருக்கடி பற்றிய வழக்கொன்றில், 2012-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு காப்பகங்களின் உட்பகுதியில் சுற்றுலாவைச் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது. பின்னர் வகுக்கப்பட்ட விதிகளின்படி, உட்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்கு விடலாகாது. விதிகள் தேவையே. ஆனால் விதி வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்குமேயன்றி, வண்டியில் இருப்பவரின் அவசரத்தைக் குறைக்காது. அது நம் கையில் இருக்கிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நமக்குப் புலி ஒரு காலைப்பொழுதின் காட்சி. காட்டை ஒட்டிய கிராமத்தாருக்கு அது அன்றாட வாழ்வு. புல்லறுக்கச் செல்லும் பெண்ணும் மாடு மேய்க்கும் சிறுவனும் அதே குரல்களைக் கேட்டுத்தான் வழியை மாற்றிக்கொள்கிறார்கள். புலிகள் பெருகியதில் நமக்குப் பெருமை. அதன் விலையில் பெரும் பங்கைச் செலுத்துவோர் அவர்கள். "புலியைக் காண வருகிறவர் மூன்று மணி நேரத்தில் வீடு திரும்புகிறார், நாங்கள் புலியோடுதான் வீடு திரும்புகிறோம்" என்று எங்கள் வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் குறை கூறும் தொனி இல்லை. எனினும் நாங்கள் சிரிக்கவில்லை. கூட்டம் ஒரே வாயிலில் நெருங்காமல் துர்க்காதேவி போன்ற வாயில்களுக்கும் பரவினால், வழிகாட்டிக்கும் வண்டியோட்டிக்கும் சிற்றுண்டிக் கடைக்காரருக்கும் அங்கேயும் பிழைப்பு உண்டாகும். காட்டினால் சோறு கிடைக்கிறது என்று காண்கிறவர் காட்டுக்குக் காவலராவார்.

அங்கே செல்ல விரும்பும் அன்பர்கள் ராம்நகரைத் தங்குமிடமாகக் கொள்ளலாம். டில்லியிலிருந்து அது சுமார் 250 கிலோமீட்டர். நவம்பர் நடுவிலிருந்து ஜூன் நடுவரை துர்க்காதேவி வாயில் திறந்திருப்பது வழக்கம். வனத்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பளிச்சிடும் நிற ஆடை வேண்டாம். வாசனைத் தைலம் வேண்டாம். கைபேசியின் ஓசை வேண்டவே வேண்டாம். உடன் வரும் குழந்தைகளிடம், "புலியைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லாமல், "புலி வாழும் இடத்தைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அவ்வாறு சென்ற குழந்தை ஏமாற்றத்தோடு திரும்பாது. புலி கண்ணிற் பட்டால் அது பேறு. படாவிட்டாலும், அது அங்கே அச்சமின்றி நடமாடுகிறது என்று அறிந்து திரும்புவது அதனினும் சிறிய பேறன்று.