பொதுக்குழாயும் வாடகைக் கணினியும்



லயத்து வரிசைக்கு ஒரே பொதுக்குழாய் இருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டால், பின்னால் நிற்பவர் காத்துக்கிடக்க வேண்டும். குழாயில் தண்ணீர் உண்டு, இடம்தான் இல்லை. இன்றைய பேச்சும் அதைப் பற்றியதே.

பள்ளிக்கு இணையப் பக்கம் வைக்கத் தனிக் கணினி வாங்க வேண்டியதில்லை. பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பல அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். அந்த அறைக்கு மெய்நிகர் சேவையகம் என்று பெயர். ஓர் அறைக்காரரே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளாதபடி, அனுப்பும் தரவுக்கும், ஒரே நேரத்தில் திறந்திருக்கும் தொடர்புகளுக்கும், அவற்றுக்கான நினைவகத்துக்கும் தனித்தனி வரம்பு வைப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறைக்கால இலவச வகுப்புக்கு எங்கள் பள்ளிப் பக்கத்தில் பதிவு தொடங்கிய காலையில், பக்கம் திறக்கவேயில்லை. பால்வெட்டு முடித்து வந்த தாய்மார்கள், "பிள்ளைக்கு இடம் போயிடுமா வாத்தியாரே?" என்று கேட்டார்கள். கூடுதல் வாடகைக்குப் பெரிய சேவையகம் எடுக்கலாம் என்றார் பொருளாளர். அது பெற்றோர் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணமல்லவா? முதலில் கணக்கைப் பார்ப்போம் என்றேன்.

எங்கள் சேவையகம், 2005இல் வெளிவந்த ஓப்பன்விசெட் என்னும் முறையில் இயங்கியது. அதில் 'யூசர் பீன்கவுன்டர்ஸ்' என்றொரு பட்டியல் உண்டு. பெரட்டுப் புத்தகம் போல, ஒவ்வொரு பொருளுக்கும் இப்போதைய பயன், உச்சப் பயன், வரம்பு, கடைசியில் எத்தனை முறை மறுக்கப்பட்டது என்று அது காட்டும். அந்த மறுப்பு எண் கூடிக்கொண்டே போகும் எண். ஆகவே காலையிலும் மாலையிலும் குறித்து, வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். தரவு மீதமிருந்தது. திறந்த தொடர்புகளின் வரிசையில்தான் மறுப்பு ஏறியிருந்தது. காரணம் என்ன? பக்கத்தைப் படித்து முடித்தவரின் தொடர்பையும், மேலும் ஏதேனும் கேட்பாரோ என்று 15 விநாடி திறந்தே வைத்திருக்கும்படி அமைத்திருந்தோம். குழாயடியில் விட்டுச்சென்ற வாளிகள் அவை! காத்திருப்பை 3 விநாடியாகக் குறைத்தோம். பெரிய படங்களையும் சுருக்கினோம். மறுநாள் மறுப்பு எண் ஏறவில்லை, பதிவும் நடந்தது. சங்கப் பணம் பிள்ளைகளின் புத்தகத்துக்கு மிஞ்சியது.

எல்லாச் சேவையகங்களிலும் இந்தப் பட்டியல் இராது, வழிமுறை ஒன்றுதான். எந்த வரம்பு நிரம்பியது என்று முதலில் அறியுங்கள். வீணாகப் பிடித்திருப்பதை அடுத்து விடுவியுங்கள். அதன் பிறகும் போதாவிட்டால் மட்டுமே கூடுதல் வாடகை கொடுங்கள். கணினி படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.