எபிசோட் 37: நாவல் எப்போ வரும்?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன கேள்வி-பதில் எபிசோட்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ப்ரோ, நாலு வருஷமா ஃபேன்டசி நாவல் எழுதறேன்னு சொல்றீங்க. எப்போ வரும்?" நான் சிரிச்சு மழுப்பிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். எடிட் பண்ணும்போது அந்தச் சிரிப்பை நாலஞ்சு தடவை கேட்க வேண்டியிருந்தது. நல்லாவே இல்ல. பொய் சொல்றவன் சிரிப்பு மாதிரி இருந்தது. அதனால இன்னைக்கு விருந்தினர் யாரும் கிடையாது. அந்தத் தம்பிக்கு ஒழுங்கா பதில் சொல்லப் போறேன்.

முதல்ல என் ஒரு நாள் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். காலைல 4:45க்கு அலாரம். 5 மணிக்கு டீயோட உட்காருவேன். 7 வரைக்கும் எழுத்து. அப்புறம் குளிச்சு, ஓஎம்ஆர் டிராஃபிக்ல நீந்தி, பத்து மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு ஆஜர். சாயங்காலம் வீடு வந்து சேர்றப்போ மூளை பிழிஞ்ச எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். அதனால அந்த ரெண்டு மணி நேரம் போச்சுன்னா அன்னைக்கு எழுத்து போச்சு. ஆன்-கால் வாரம்னா அதுவும் கிடையாது. ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்திருக்கும், நான் எழுந்திருப்பேன்.

ரெண்டு மணி நேரம்னா 400 வார்த்தை வரும்னு வெச்சுக்கங்க. வருஷத்துக்கு 200 நாள் எழுதினா 80,000 வார்த்தை. ஒரு நாவல் ஆச்சு. இந்தக் கணக்கை நாலு வருஷம் முன்னாடியே எக்ஸெல்ல போட்டுட்டேன். கணக்கு சரிதான். நாவல் இல்ல. ஏன் இல்லன்னா, முதல் ஒரு வருஷம் நான் நாவலே எழுதல. வரைபடம் வரைஞ்சேன்.

சிரிக்காதீங்க. ஒரு கண்டம், ஏழு ராஜ்யம், ரெண்டு நிலா. ரெண்டு நிலா இருந்தா அலை எப்படி எழும்பும், பஞ்சாங்கம் எப்படி மாறும்னு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஊர்களுக்குப் பேர் வைக்கப் பைத்தான்ல ஒரு ஸ்க்ரிப்ட். கையெழுத்துப் பிரதியை கிட்ல போட்டு, தினமும் எத்தனை வார்த்தைன்னு கிராஃப் வரைய இன்னொரு ஸ்க்ரிப்ட். அந்த கிராஃப் ரொம்ப அழகா இருந்தது, பூஜ்யத்துலயே நேர்கோடா. 140 பக்கத்துக்கு உலகத்தோட டாக்குமென்டேஷன் இருந்தது. கதை மட்டும் முதல் அத்தியாயம் தாண்டல. பிராண்டன் சாண்டர்சன் இதுக்கு ஒரு பேரே வெச்சிருக்கார், உலகம் கட்டறவங்களுக்கு வர்ற வியாதின்னு. இன்ஜினியர்களுக்கு இது கொஞ்சம் முத்தின நிலையிலயே வரும்னு நினைக்கிறேன். டிசைன் டாக்குமென்ட் எழுதினா வேலை செஞ்ச மாதிரியே ஒரு திருப்தி வந்துடுதே.

சாண்டர்சன் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காலேஜ் படிக்கிறப்போ ஒரு ஹோட்டல் முன்மேஜைல நைட் ஷிஃப்ட் வேலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல உட்கார்ந்து எழுத்து. 13 நாவல் எழுதி முடிச்ச சமயத்துலதான் ஒண்ணு விலை போச்சு. அதுவும் அவர் எழுதின ஆறாவது நாவல், எலான்ட்ரிஸ். 2005ல வெளிவந்தது. சோர்ந்து போறப்போ எல்லாம் இதை நினைச்சுக்குவேன். ஆனா உடனே இன்னொரு நினைப்பும் வரும். 13 எழுதியும் ஒண்ணுமே விலை போகாத ஆட்கள் எத்தனை பேர் இருப்பாங்க? அவங்களை யாரும் பேட்டி எடுக்கறதில்ல. அதனால இந்த மாதிரிக் கதைகளை நான் இப்பல்லாம் மாத்திரை மாதிரி பாதியா உடைச்சுத்தான் சாப்பிடறேன்.

எனக்கு உண்மையிலேயே ஆறுதல் தர்றது சூசன்னா கிளார்க். சமையல் புத்தகங்களுக்கு எடிட்டரா வேலை பார்த்துக்கிட்டே பத்து வருஷம் போல ஒரே நாவலை எழுதினவங்க. 2004ல ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் வந்தப்போ அவங்களுக்கு வயசு 44. யாரோ ஒருத்தரோட கேக் செய்முறையைத் திருத்திட்டு, வீட்டுக்கு வந்து மந்திரவாதிகளைப் பத்தி எழுதியிருக்காங்க. பகல் பூரா அடுத்தவங்களோட கோடை ரிவ்யூ பண்ற எனக்கு அவங்க ஒண்ணுவிட்ட அக்கா மாதிரி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது வருஷம் ஒருவழியா எழுத ஆரம்பிச்சேன், இங்கிலீஷ்ல. 60,000 வார்த்தை வரைக்கும் போனேன். அஞ்சு நண்பர்களுக்கு கூகுள் டாக்ஸ் லிங்க் அனுப்பினேன். நாலு பேர் "செம மச்சி"ன்னாங்க. ஒருத்தன் கமென்ட் போட்டுக்கிட்டே வந்தான், ஒன்பதாவது பக்கத்தோட நின்னுட்டான். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கடைசி கமென்ட் அங்கேயே இருக்கு: "இங்க கமா வேணுமா?"

முழுசாப் படிச்சது என் தங்கச்சி மட்டும்தான். படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அண்ணா, நீ பனியைப் பார்த்திருக்கியா?"

இல்ல. கொடைக்கானல்ல மூடுபனி பார்த்திருக்கேன். ஆனா என் நாவல்ல 30 பக்கத்துக்கு ஒருதரம் பனி கொட்டிச்சு. கதாநாயகன் குதிரைல வந்து, மரத்தால செஞ்ச ஒரு விடுதிக்குள்ள நுழைஞ்சு, கம்பளி மேலங்கியை உதறிட்டு, ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டான். நான் வாழ்க்கைல குதிரையைத் தொட்டது மெரினால, அதுவும் அஞ்சு நிமிஷம். "உன் ஆளுங்க யாருக்குமே வியர்க்கல அண்ணா"ன்னா. கோபம் வந்துச்சு. ஃபேன்டசின்னா அப்படித்தான், கற்பனைதானேன்னு சண்டை போட்டேன். ராத்திரி உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். அவ சொன்னது சரி. நான் கற்பனையே பண்ணல. வேற ஒருத்தர் கற்பனை பண்ணி வெச்ச வீட்டுல வாடகைக்கு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் எட்டு மாசம் ஒரு வரி எழுதல. அலாரம் மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கும். அணைச்சுட்டுப் படுத்துக்குவேன். அந்த ஜனவரில நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். தமிழ்ல ஃபேன்டசி எங்க வெச்சிருக்காங்கன்னு ஒரு ஸ்டால்ல கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, சிறுவர் புத்தகம் பக்கம் கை காட்டினார். அப்புறம், "இல்லன்னா சாண்டில்யன் பாருங்க தம்பி"ன்னார். அது ஜோக் இல்லன்னு எனக்கு இப்போ தோணுது. கப்பல், வாள், ரகசிய வழி, சதின்னு மத்த ஊர்ல ஃபேன்டசி தீர்க்கற பசியை இங்க சரித்திர நாவல்தான் இவ்வளவு நாளா தீர்த்து வெச்சிருக்கு. என்கிட்ட விஷ்ணுபுரம் இருந்தது, ஆனா அதைப் பார்த்து எழுத வராது. அதைப் பார்த்தா எழுதறதையே விட்டுடலாம்னுதான் வரும்.

அன்னைக்கு வாங்கிட்டு வந்தது மணிமேகலை, உரையோட. பத்தாம் வகுப்புல மனப்பாடம் பண்ணித் துப்பினதுக்கு அப்புறம் தொட்டதே இல்ல. படிச்சா, அட, இதுல முழுசா ஒரு மேஜிக் சிஸ்டம் இருக்கு. மூணே மந்திரம்: உருவம் மாற, வானத்துல போக, பசியைத் தாங்க. மணிமேகலை உருவம் மாறி, காயசண்டிகைங்கற பொண்ணு மாதிரி நடமாடறா, உதயகுமாரன்கிட்ட இருந்து தப்பிக்க. ஆனா அந்தக் காயசண்டிகையோட புருஷன் தேடி வந்து, தன் பொண்டாட்டி வேற ஒருத்தனோட பேசறான்னு நினைச்சு உதயகுமாரனை வெட்டிடறான். மந்திரத்தை ஒருத்தி போட்டா, விலையை இன்னொருத்தன் கொடுக்கறான். மந்திரத்தோட சக்தியைவிட அதோட வரம்பும் விலையும்தான் சுவாரசியம்னு யூடியூப்ல எத்தனை மணி நேரம் லெக்சர் கேட்டிருப்பேன். பாடப் புத்தகத்துலயே இருந்திருக்கு.

சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்துல பஸ் ஏறினா மதுராந்தகம் வழியாத்தான் போகணும். வெள்ளைக்கார கலெக்டர் காலத்துல அந்த ஏரிக்கரை உடையாம ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நின்னாங்கன்னு ஒரு கதை உண்டு. கோயிலுக்கே ஏரி காத்த ராமர்னுதான் பேர். நூறு தடவை அந்த வழியா தூங்கிக்கிட்டே போயிருக்கேன். மணிமேகலை படிச்ச வாரம் முழிச்சிருந்தேன். இருட்டுல தண்ணி தெரியல, கரை மட்டும் ஒரு கறுப்புக் கோடு. அப்போதான் தோணுச்சு, எங்க ஊர்லயும் ஒரு கண்மாய் இருக்கே, அதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

அப்பா ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் எழுதறது அவருக்குத் தெரியாது. சொன்னதில்ல. வீட்டு லோன் ஓடுது, கல்யாணப் பேச்சு ஓடுது, நடுவுல போய் "அப்பா, நான் மந்திரக் கதை எழுதறேன்"னு எப்படிச் சொல்றது? அதனால சும்மா கேட்கற மாதிரி கேட்டேன், நம்ம கண்மாய்ல தண்ணி எப்படிப்பா திறப்பாங்கன்னு.

என் அப்பா என்கிட்ட தொடர்ந்து நாற்பது நிமிஷம் பேசினது அதுதான் முதல் தடவை. கண்மாய்க்கு உள்ள, கரையிலிருந்து தள்ளி, ரெண்டு கல்தூண் நிக்குமே, அதுதான் குமிழித்தூம்பு. அடியில ஒரு கல்தொட்டி. மேல இருக்கற துளை நீரோடி, அதுல தண்ணி போகும். கீழ இருக்கறது சேறோடி, அதுல வண்டல் போகும். ஒரு ஆள் நீந்திப் போய், மூச்சைப் பிடிச்சு முங்கி, அடைப்பைத் திறக்கணும். திறந்ததும் தண்ணி சுழிச்சு உள்ள இழுக்கும், மேல குமிழி வரும். இழுப்புல மாட்டினா ஆள் திரும்பி வரமாட்டான். "அந்த ஆளுங்களுக்கு ஊர்ல மரியாதை உண்டுப்பா. பயமும் உண்டு"ன்னார்.

அன்னைக்கு ராத்திரியே எழுத ஆரம்பிச்சேன், தமிழ்ல. கதை இதுதான்: ஒரு வறண்ட ஊர். நடுவுல ஒரு கண்மாய். தூம்பைத் திறக்க முங்கறவங்க ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தையை மறந்துட்டு மேல வருவாங்க. எந்த வார்த்தைன்னு முன்கூட்டியே தெரியாது. சில நாள் 'கரண்டி' போகும், சில நாள் 'மஞ்சள்' போகும். கதாநாயகி அந்த ஊரோட கடைசி முங்காளி. அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கு. ஏழு ராஜ்யமும் ரெண்டு நிலாவும் இல்ல. ஒரே ஒரு ஊர்.

இப்போ 31,000 வார்த்தைல நிக்கறேன். பயம் போயிடுச்சான்னா, இல்ல. வேற வேற உடுப்புல வருது. இங்கிலீஷ்ல எழுதினப்போ, என் இங்கிலீஷ் போதுமான்னு பயம். தமிழ்ல எழுதறப்போ, என் தமிழ் போதுமான்னு பயம். ல, ள, ழ தகராறு இன்னும் இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர் ஜாலியா, "ஏஐகிட்ட கதைச்சுருக்கத்தைக் குடு, மத்தியானத்துக்குள்ள நாவல் ரெடி"ன்னார். சிரிச்சேன். அந்த வாரம் மூணு நாள் எழுத முடியல. அதுக்கு நல்ல பதில் ஏதாவது என்கிட்ட இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அவ வாயிலிருந்து அடுத்து எந்த வார்த்தை காணாமப் போகும்னு நானே கண்டுபிடிக்கணும்னு ஆசையா இருக்கு, அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல போன மாசம் மேனேஜர் கூப்பிட்டு, டீம் லீட் ஆகறியான்னு கேட்டார். சம்பளம் நல்லா ஏறும். ஆனா அமெரிக்கா டீமோட ராத்திரி கால் இருக்கும், பதினொண்ணு, பன்னெண்டு வரைக்கும். அப்புறம் 4:45 அலாரம் வெறும் அலங்காரம்தான். ஒரு வாரம் யோசிச்சுட்டு, ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லிட்டேன். காரணம் கேட்டார். "பர்சனல்"னு சொன்னேன். நாவல்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல. அந்த இடம் இப்போ வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு கேட்பாங்களான்னும் தெரியல. சில காலைல எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்க்கறப்போ, இந்த ஒன்றரைப் பக்கத்துக்காகவா அதை விட்டோம்னு அடிவயிறு கலங்கும். மாச இஎம்ஐ போற அஞ்சாம் தேதி கொஞ்சம் கூடுதலா கலங்கும்.

அப்பாகிட்ட போன வாரம்தான் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "சம்பளத்துக்கு ஒண்ணும் பாதகம் இல்லையே?"ன்னார். லீட் விஷயத்தைச் சொல்லல. இதைக் கேட்டார்னா தெரிஞ்சுக்குவார், கேட்க மாட்டார்னு நம்பறேன், அவருக்கு பாட்காஸ்ட்னா எஃப்எம் மாதிரி ஏதோன்னுதான் தெரியும்.

ஆனா மறுநாள் காலைல இருந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் வர ஆரம்பிச்சிருக்கு. நான் கேட்கவே இல்ல. ஒவ்வொண்ணுலயும் கண்மாய் பத்தி ஒரு வார்த்தை, வாத்தியார் குரல்ல, ரெண்டு தடவை சொல்லி, அர்த்தத்தோட. கலிங்கு. மறுகால். உள்வாய். அலைகல். இதுல பாதி நான் கேட்டதே இல்ல. நேத்து வந்ததுல அவரே ஒரு வார்த்தையைத் தேடித் திணறினார். கரையை ராத்திரி சுத்தி வந்து பார்க்கற ஆளுக்கு ஒரு பேர் உண்டு, நாக்கு நுனில இருக்கு, ஞாபகம் வந்ததும் சொல்றேன்னு நிறுத்திட்டார்.

அதனால தம்பி, உங்க கேள்விக்குப் பதில்: பதினாலாவது அத்தியாயத்துல இருக்கேன், தேதி சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஆன்-கால், எபிசோட் ரெண்டு நாள் தாமதமா வரும்.