பூனையின் மனம்



நாய் நன்றியுள்ளது, பூனை நன்றி கெட்டது என்பது நம்மிடையே ஊறிப்போன ஒரு தீர்ப்பு. லயத்துக் காம்பிராவில் அடுப்பங்கரைச் சூட்டில் நம்மோடு படுத்துறங்கும் ஒரு சீவனுக்கு இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்று இன்று சற்றே சிந்திப்போம்.

நம் புலவர்கள் பூனையினத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், அந்தி வேளையில் வேலிப்புறத்து வெருகுக்கு அஞ்சிக் குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக்கோழியைக் காட்டுகிறார். வெருகு என்பது காட்டுப்பூனை. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் பாடினார் கம்பர். தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைச் சரணாகதிக்கு உவமையாக்கினர் தென்கலை வைணவர். பிடரியைத் தாய் கவ்வியதும் குட்டி உடலைத் தளர்த்தி அசையாது கிடக்கும். இயற்கையின் இந்த ஏற்பாட்டைக் கண்டவர்களே அவ்வுவமையைச் சொல்லியிருக்க முடியும்.

பூனையின் மனத்தை அறிய அதன் பூர்வீகத்தை அறிய வேண்டும். நாயின் மூதாதையர் கூட்டமாய் வேட்டையாடியவர்கள். தலைமைக்குப் பின்னால் செல்வது அவற்றுக்குப் பழக்கம். வீட்டுப்பூனையின் மூதாதையோ தனித்து வேட்டையாடிய காட்டுப்பூனை. மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆகவே பூனை நம்மிடம் ஏவலுக்கு வந்ததல்ல; அயலாகக் குடியேறியது. அயலவரிடம் கீழ்ப்படிவை எதிர்பார்ப்பது எப்படி?

அன்பை அது தன் மொழியில் சொல்கிறது. வாலை நிமிர்த்திக்கொண்டு எதிரே வந்தால் அது நல்வரவு. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவுடன் காலில் கன்னத்தை உரசுகிறதே, அது தன் வாசனையை நம்மீது பூசி, "நீ என் வீட்டாள்" என்று சொல்வதாகும். வளர்ந்த பூனைகள் தமக்குள் "மியாவ்" என்று பேசுவது அரிது. அந்தக் குரல் பெரும்பாலும் மனிதருக்கென்றே வைத்திருப்பது. அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணிமைத்தால் அதுவும் பெரும்பாலும் மெதுவாக இமைக்கும் என்று 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறியும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தனர். அழைத்தும் வராதிருப்பது அறியாமையல்ல, அதன் விருப்பம்.

கோபத்தையும் அது முன்னறிவிக்கும். வாலைப் பக்கவாட்டில் அடித்தால், காதுகளைப் பின்னுக்கு மடித்தால் கையை எடுத்துவிட வேண்டும். வயிற்றைக் காட்டிப் புரள்வது நம்பிக்கையின் அடையாளமே. தடவுவதற்கு அனுமதி அல்ல. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். விசர்நோய் பூனையாலும் வரும். கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இனி, மலையகத்துக்கே உரிய ஒரு விடயம். லயங்களை விட்டு, 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனிவீடுகளுக்குப் பல குடும்பங்கள் சென்றிருக்கின்றன. புதுவீட்டுக்குக் கொண்டுபோன பூனை மறுநாளே பழைய லயத்து இஸ்தோப்பில் போய்க் குந்தியிருக்கும். "பார்த்தீர்களா, நன்றி கெட்டது" என்போம். உண்மையில் அது நம்மை வெறுத்துப் போகவில்லை. ஒவ்வொரு கதவுநிலையிலும் தன் வாசனையை எழுதி வைத்திருந்த உலகத்தைத் தேடிப் போயிருக்கிறது. புதிய சுவர்களில் அதன் கையெழுத்து இன்னும் விழவில்லை. இரண்டு மூன்று வாரம் வீட்டினுள்ளேயே வைத்து, பழைய சாக்கையும் பழைய கோப்பையையும் கொடுத்து, அதே நேரத்தில் உணவிட்டால் பெரும்பாலும் அங்கேயே வேரூன்றிவிடும்.

மண்ணைப் பிரியும் வேதனை நமக்குப் புதிதல்லவே, நேயர்களே! 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள், பிறந்த லயத்தை எண்ணி எண்ணி அழுதார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று யாரேனும் சொல்வோமா? இடத்தின் மீது வைக்கும் பாசமும் பாசந்தான். அதை நம்மைப்போல் அறிந்தவர் யார்?

ஆகவே வீடு மாறும்போது பூனையைப் பழைய வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதற்குக் கொஞ்சம் நாட்கள் கொடுங்கள்.