செல்போனில் போகும் சந்தாப் பணம்
(ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)

மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை அப்படியே சொல்றேன்.

எங்கள் குழு ஆரம்பிச்ச காலத்துல சந்தாவை எண்ணி மஞ்சப்பையில வச்சு, ரெண்டு பேரா பஸ் ஏறி வங்கிக்குப் போவோம். வரிசையில நின்னு திரும்பறதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிடும். 2016-ல் யுபிஐ வந்தது. கொரோனாவுக்கு அப்புறம் எங்க ஊர்ல கீரை விக்கிற அக்காகூட கட்டம் போட்ட அட்டையை மாட்டிட்டாங்க. நம்ம ஆளுங்களும் சந்தா, தவணை எல்லாத்தையும் என் நம்பருக்கே போட ஆரம்பிச்சாங்க. எனக்கும் சௌகரியமாத்தான் இருந்தது.

அதுலதான் மாட்டிக்கிட்டேன். போன வருஷம் ஒரு மாசம் 11,200 ரூபாய் குழுப் பணம் என் சொந்தக் கணக்கில் இருந்தது. திங்கட்கிழமை குழுக் கணக்கில் கட்டிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள வீட்டுக்காரர் வண்டிக் கடன் தவணை 3,400 ரூபாய் தானாகப் பிடித்தமாயிடுச்சு. வங்கியைக் குறை சொல்லி என்ன பண்றது? பிடிச்சுக்கோன்னு கையெழுத்துப் போட்டவள் நான். எது குழுப் பணம், எது என் பணம்னு அந்தக் கணக்குக்கு எப்படித் தெரியும்? கைமாத்து வாங்கித்தான் கட்டினேன். கூட்டத்தில் சொன்னதும் ஓர் அக்கா கேட்டாங்க: "எங்க பணத்துல வண்டித் தவணை கட்டினியா?" அழுகை வந்துடுச்சு. ஆனா கேட்டது நியாயம்தானே.

குழுக் கணக்குக்கு ரெண்டு கையெழுத்து வச்சதே இதுக்காகத்தான். போனுக்கு ஒரே ஒரு ரகசிய நம்பர். அதுவும் பல வீட்டில் மகனுக்கும் பேரனுக்கும் தெரியும்.

இன்னொரு நஷ்டம் பிறகுதான் புரிஞ்சது. அடுத்த கடனுக்குப் போனப்போ மேலாளர் புதுசு, எங்க முகமே தெரியாது. முன்னெல்லாம் மாசாமாசம் போவோம், "ஆடு குட்டி போட்டுச்சா"ன்னு கேப்பாங்க. இவர் தீர்மான நோட்டையும் கணக்கு விவரத்தையும்தான் பார்த்தார். சேமிப்பு ஒழுங்கா வருதான்னு வங்கி பார்க்கறது குழுக் கணக்குலதான். என் நம்பரில் நின்ன பணம் அதில் தேதி தப்பி, மொத்தமா ஏறியிருந்தது. "ஏம்மா ரெண்டு மாசம் விட்டுட்டீங்க?"ன்னார். நாங்க விடவே இல்லை! சந்தா நோட்டைக் காட்டி விளக்கிட்டு வர மத்தியானம் ஆயிடுச்சு.

இப்போ தீர்மானம் போட்டுட்டோம். போன் வச்சிருக்கறவங்க குழுவின் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் கொடுத்து நேரா அங்கேயே போடணும். 12 இலக்க எண் ஒன்று வரும், அதை நோட்டில் எழுதறோம். போன் திரையைக் காட்டினா வரவு கிடையாது, பாஸ்புக்கில் ஏறினாத்தான் வரவு. போன் இல்லாதவங்க கையில் கொடுக்கலாம், அதில் வெட்கம் ஒண்ணுமில்லை.

பணம் வாங்கறதுக்கு ரகசிய நம்பர் போடவே வேண்டாம். போடச் சொன்னா அது நம்ம பணம் வெளியே போற வழி. ஏமாந்துட்டா அழுதுட்டு உட்காராதீங்க, உடனே 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்க. நாமே நம்பரைச் சொல்லிக் கொடுத்திருந்தா, வங்கியில் புகார் சொல்லும் வரைக்கும் போன பணம் நம்ம நஷ்டம்தான். சொன்ன பிறகு போனால் வங்கி பொறுப்பு.

சாப்பாட்டுக்கு அப்புறம் நான் இங்கேதான் இருப்பேன். குழுக் கணக்கு எண்ணைப் போனில் சேர்க்கத் தெரியாதவங்க பாஸ்புக்கோட வாங்க, பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர்றேன். நம்பரை மட்டும் நீங்களே போடணும், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.