பந்தியிலும் கல்லறையிலும்

(ஆகஸ்ட் 10 கருப்பு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கிறித்தவ நம்பிக்கையின் வழியே ஒற்றுமை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தேதியில் அதைப் பேசுவது கொஞ்சம் சங்கடம். 1950இல் இதே நாளில்தான் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள் என்றது அதன் மூன்றாம் பத்தி. பிறகு 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நாம் இன்னும் வெளியே நிற்கிறோம். உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே என்கிறது அரசு. இருக்கிறது ஐயா என்று நிரூபிக்க டெல்லிக்கும் சென்னைக்கும் அலைகிறோம். ஊருக்குத் திரும்பி வந்து அதையே கோயிலில் சொன்னால், ஒற்றுமையைக் குலைக்காதே என்கிறார்கள்.

குலைப்பது யார்? வேதத்திலிருந்தே சொல்கிறேன். சாமியார்கள் இருக்கிறார்கள், தப்பிருந்தால் திருத்துங்கள்.

அந்தியோக்கியாவில் பேதுரு, விருத்தசேதனம் இல்லாத பிற இனத்தாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில ஆட்கள் வந்தார்கள். வந்தவுடன் பேதுரு மெல்லப் பந்தியை விட்டு ஒதுங்கினார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் ஒதுங்கினார். கொள்கையில் யாருக்கும் தகராறு இல்லை. ஒதுங்கியவர்கள் ஒரு வார்த்தையும் தப்பாகப் பேசியதாகவும் எழுதவில்லை. தட்டை மட்டும் நகர்த்திக் கொண்டார்கள். எங்கள் பாட்டிமார் சின்னப்பர் என்று சொல்வார்களே, அந்தப் பவுல் என்ன செய்தார்? தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசவில்லை. எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. யூதர் கிரேக்கர், அடிமை சுதந்திரர் என்ற பேதம் இல்லை என்று நாம் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிறோமே, அது அடுத்த அதிகாரம். சாப்பாட்டுச் சண்டையைப் போட்டுவிட்டுத்தான் அந்த வசனத்துக்கு வருகிறார். நாம் சண்டையைத் தாண்டிக் குதித்து நேராக வசனத்துக்குப் போய்விடுகிறோம்.

நம் மண்ணிலும் முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் உண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கோயில். ஒரு காலில் பிள்ளை, முதலியார். இன்னொரு காலில் நாடாரும் மற்றவர்களும். எல்லாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டாம். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். தனி இடம் எங்கள் உரிமை என்று நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்க மறுத்தது. அந்த ஒரு தடுப்பு இடிந்ததால் நம் சேரிப் பக்கத்துச் சுவர்களும் விழுந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் மனம் மாறட்டும், அப்புறம் இடிக்கலாம் என்று அந்தச் சாமியார் காத்திருக்கவில்லை.

சீர்திருத்தச் சபைத் தோழர்கள் சிரிக்க வேண்டாம். 1919இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்று சேர்ந்தீர்கள். ஆயர் பதவி பற்றி, குருப்பட்டம் பற்றி 28 வருடம் பொறுமையாகப் பேசினீர்கள். உண்மையிலேயே பெரிய காரியம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும். அதைப் பற்றிப் பேச எத்தனை வருடம் வேண்டும்?

கல்லறைக்கு வருகிறேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் நாடறிந்தது. 2008 மார்ச்சில் எறையூரில், செத்தவர்களைப் பொதுவழியில் கொண்டுபோகும் உரிமையும் தனிப் பங்கும் கேட்டுப் போராடிய நம் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பேரும் வன்னியக் கிறித்தவர்கள். அந்தச் சாவுக்கும் நான் துக்கப்படுகிறேன். சாதி அவர்களையும்தான் தின்றது. ஆனால் தனிப் பங்கு கேட்பது பிரிவினை என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தனித் தெரு, தனிப் பாதை, தனிக் கல்லறை எல்லாம் கொடுத்தபோது அது எந்த ஒற்றுமை?

எங்கள் ஊரில் தூம்பாவும் இரண்டு. என் அம்மாச்சி செத்தபோது பின்பாதையில்தான் தூக்கிப் போனோம். வயல் வரப்பு, மழைச் சேறு. பாடகர் குழுவில் எனக்குக் கூட்டாளி ஒருத்தன், மேலத்தெருப் பையன். யாரும் கூப்பிடவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு நடந்து வந்தான். ஒரு இடத்தில் தோளும் கொடுத்தான். குழியில் மண் போட்டான். திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, எங்கள் தட்டில் சாப்பிட்டான். ஒரு மாதம் அவன் வீட்டில் அவனோடு பேசவில்லை. ஏன்டா வந்தே என்று பிறகு கேட்டேன். "அம்மாச்சிதானே எனக்கும் செபம் சொல்லிக் கொடுத்தது" என்றான். விசுவாசத்தால் வருகிற ஒற்றுமை என்று எதையாவது நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றால் அது அதுதான். அதற்கு அவன் ஒரு விலை கொடுத்தான். இதுவரை நாங்கள் மட்டும்தான் கொடுத்துக் கொண்டிருந்தோம்.

அதனால் மேலத்தெருக் கிறித்தவர்களிடம் நான் கேட்பது அன்பு இல்லை. அன்பு நிறையச் சொல்லிவிட்டார்கள். ஒரே தூம்பா, ஒரே பாதை, ஒரே வாசல். திருவிழா அன்னதானத்தில் ஒரே பந்தி.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. அன்று மெழுகுவத்தியோடு முன்வாசல் வழியாகவே உள்ளே போவது என்று எங்கள் தெருவில் முடிவு செய்திருக்கிறோம். கல்லறை மந்திரிப்பை இந்த வருடம் எங்கள் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பங்குச்சாமியாருக்கு மனுவும் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. என் கூட்டாளி அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் தெருவிலிருந்து இன்னும் மூன்று கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.