வேலி போட்டால் போதுமா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், பக்கத்திலேயே புக்கிட் தீமா சாலை தொடங்குகிறது. நாள்தோறும் அதைக் கடக்கிறோம். ஆனால் அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த மலைக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறிப் பியூட்டி வோர்ல்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அந்த மலைக்காட்டைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை பேச வந்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தத் தீவு முழுவதும் காடுதான். 19ஆம் நூற்றாண்டில் கம்பீரும் மிளகும் பயிரிடக் காட்டை அழித்தார்கள். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டுமே! அதற்கு மிச்சக் காட்டையும் வெட்டினார்கள். சில ஆண்டுகளில் மண்ணின் சத்து போயிற்று. அந்த நிலத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். விட்ட இடத்தில் லாலான் புல் முளைத்தது. 1883இல் கேன்ட்லி என்ற அதிகாரி ஊர் ஊராகப் பார்த்துவிட்டு, காடு அழிந்துகொண்டே போகிறது என்று அறிக்கை எழுதினார். அதன் பிறகுதான் புக்கிட் தீமா உள்ளிட்ட சில காடுகளைக் காப்புக்காடு ஆக்கினார்கள். 1951இல் தனிச் சட்டமே வந்தது.

சட்டம் வந்துவிட்டது, இனி என்ன கவலை என்று கேட்பீர்கள். கவலை அங்கேதான் இருக்கிறது, ஐயா!

புக்கிட் தீமா காப்பகம் 163 ஹெக்டர். நம் தோட்டத்துக் கணக்கில் ஏறத்தாழ 400 ஏக்கர். அதற்குப் பக்கத்திலேயே 2,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட மத்திய நீர்ப்பிடிப்புக் காடு. நாம் குடிக்கும் தண்ணீரைத் தேக்கும் மெக்ரிட்சி, பியர்ஸ் நீர்த்தேக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டும் ஒரே காடாக இருந்தவை. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலையை இரண்டுக்கும் நடுவே போட்டார்கள். சாலை நாட்டுக்குத் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் அடுப்படி ஒரு பக்கம், கிணறு மறுபக்கம் என்று பிரித்து, நடுவில் லாரி ஓடினால் அந்தக் குடும்பம் என்னவாகும்? காட்டு உயிர்களுக்கு அதுதான் நேர்ந்தது. சாலையைக் கடக்கப் போன அழுங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்தன. ராஃபிள்ஸ் பெயரால் வழங்கும் ஒருவகை மந்தி, மரத்திலேயே வாழ்ந்து இலை தழை தின்பது. புக்கிட் தீமாவில் மிஞ்சியிருந்த கடைசி மந்தியை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றன. காடு நின்றது, சட்டம் நின்றது, வேலியும் நின்றது. மந்தி மட்டும் இல்லை!

சாலையால் வந்த கேடு ஒன்று என்றால், நம் காலால் வந்த கேடு இன்னொன்று. ரப்பர்த் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ரப்பர் பயிரிட்ட தொடக்கக் காலத்தில், மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று சுரண்டி வைத்தார்கள். பார்வைக்கு வாசல் பெருக்கினாற்போலச் சுத்தம். மழை கொட்டியதும் மேல்மண் முழுவதும் ஆற்றோடு போய்விட்டது. பட்டபின் தான் மரத்தடியில் கொடி படரவிட்டு மண்ணைக் காத்தார்கள்.

புக்கிட் தீமா மலைப் பாதைகளிலும் இதே கதைதான். கூட்டம் கூட்டமாக ஏறினோம். பாதையை விட்டு விலகிக் குறுக்கு வழியில் நடந்தோம். செடி மிதிபட்டது, மண் கரைந்தது, வேர் வெளியே தெரிந்தது. கடைசியில் 2014 செப்டம்பரில் மலையை மூடி, பாதைகளையும் சரிவுகளையும் செப்பனிட வேண்டியதாயிற்று. முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆனது. பிரிந்த காடுகளை இணைக்க, விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மரமும் செடியும் நட்ட ஒரு பாலம் 2013இல் எழுந்தது. அழுங்குகள் அதைப் பயன்படுத்துவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வெட்ட எடுத்த காலத்தையும், ஒட்டவைக்க எடுத்த காலத்தையும் எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு!

பாடம் படித்துவிட்டோமா? 2021 பிப்ரவரியில் கிராஞ்சியில் என்ன வெளிச்சத்துக்கு வந்தது? அது காப்பகம் இல்லை. வேளாண் தொழில் பூங்காவுக்காக ஒதுக்கிய மரக்காடு. அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து முடிப்பதற்குள், சுமார் 4.5 ஹெக்டர் மரங்களைத் தவறுதலாக வெட்டிவிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்கள் பரவியபோது நாடே அதிர்ந்தது. விசாரணை நடந்தது, வழக்கும் நடந்தது. முதலில் கணக்கு, பிறகு கோடரி என்பதே முறை. முறை மாறினால் மன்னிப்புக் கேட்கலாம். மரத்தைத் திரும்ப நிறுத்த முடியுமா?

மாணவச் செல்வங்களே, இதெல்லாம் அரசாங்கத்து வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். மலைக்குப் போனால் போட்டிருக்கும் பாதையில் நடங்கள். குரங்குக்கு ரொட்டித் துண்டு போடாதீர்கள். அது புண்ணியம் என்று பாட்டி சொன்னாலும், "பாட்டி, அப்புறம் அது காட்டை விட்டு வீட்டுக்கு வந்திடும்" என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். 2020 முதல் சட்டமும் கடுமையாகிவிட்டது: முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. வீட்டில் வளர்த்த ஆமையையும் மீனையும் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகளைக் கடைத்தொகுதிக்கு நான்கு தடவை கூட்டிப்போனால், ஒரு தடவையாவது அந்த மலைக்குக் கூட்டிப்போங்கள். கண்ணால் பார்க்காத ஒன்றைக் காக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. இன்று பரிசு வாங்கும் இந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளை சாலை போடும் பொறியாளர் ஆகலாம். இன்னொருவர் நிலத்தை ஒதுக்கும் அதிகாரி ஆகலாம். வரைபடத்தில் கோடு இழுக்கும் அந்தக் கை, இழுக்குமுன் ஒரு நிமிடம் நின்று, இந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அதுவே இந்தப் பள்ளி நாட்டுக்கு அளிக்கும் பெரும் பரிசு.