கூடிச் செய்யும் கல்வி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் பிள்ளைகள் பள்ளியில் ரோபோ செய்கிறார்கள் என்று இப்போது பெருமையுடன் பேசிக்கொள்கிறோம். 2016ஆம் ஆண்டு தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் சுமார் 10,000 பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் அமைந்துள்ளன. கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் கருவிகளோடு உடன்வர வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. வேலையைப் பங்கிட்டுச் செய்வதும், செய்ததைப் பிறருக்கு உரைப்பதுமே அது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் அதனை எங்ஙனம் கைக்கொள்கின்றனர் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989ஆம் ஆண்டு 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பை நிறுவினார். அதன் முதல் ரோபோப் போட்டி 1992ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளுடன் நடைபெற்றது. இன்றோ அணிகள் 3,000க்கும் மேற்பட்டவை. ஆண்டுதோறும் சனவரித் திங்களில், அவ்வாண்டின் ஆட்டம் இன்னதென்று எல்லா அணிகளுக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்படும். அன்று முதல் சில வாரங்களுக்குள் ரோபோ உருவாகிவிட வேண்டும்.

இவ்வளவு குறுகிய காலத்தில் ஒருவரே எல்லாவற்றையும் செய்தல் இயலாது. ஆகவே மாணவர் பல குழுக்களாகப் பிரிகின்றனர். ஒரு குழு கணினியில் வரைபடம் வரையும். ஒன்று உலோகத்தை அறுத்துத் துளையிடும். ஒன்று மின்கம்பி பொருத்தும். ஒன்று நிரல் எழுதும். மற்றொன்று நன்கொடை திரட்டிக் கணக்கு வைக்கும். போட்டி நாளில் ஆறு மாணவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, களத்திலுள்ள ஆறு ரோபோக்களுள் ஆளுக்கொன்றைக் கவனித்துக் குறிப்பெடுப்பர். ரோபோவைத் தொடாதவருக்கும் அணியில் இன்றியமையாத இடம் உண்டு.

வேலையைப் பிரித்தபின் அதனை இணைப்பது எது? எழுத்தே! ஒவ்வோர் உறுப்புக்கும் வரைபடத்தில் ஓர் எண் இருக்கும். கம்பியின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். மின்கலம் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எப்போது மின்னேற்றப்பட்டது என்று குறித்து வைப்பர். நிரலில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது கணினியிலேயே பதிவாகும். ஓர் ஆட்டம் முடிந்து மறு ஆட்டம் தொடங்குமுன், ஆணி தளர்ந்ததா, மின்கலம் மாற்றப்பட்டதா என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே சரிபார்ப்பர்.

இத்துணை எழுத்து எதற்கு? பள்ளி அணிக்கு நீங்காத இடர் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் அதன் தேர்ந்த கைகள் பள்ளியை விட்டு வெளியேறிவிடும்! மூத்த மாணவர் அறிந்ததை எழுதி வைக்காமற் போனால், இளையவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி, வியப்பிற்குரிய செய்தி ஒன்று. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரைச் சேர்ந்த 254ஆம் எண் அணி, பன்முறை வாகை சூடிய அணி. அது தன் நிரலை யாவரும் காணப் பொதுவில் வெளியிட்டு வருகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் நாசா விண்வெளி மையத்தின் துணையுடன் இயங்கும் 118ஆம் எண் அணி, எளிய கருவிகளைக் கொண்டே எவரும் செய்யத்தக்க ரோபோ ஒன்றை வடிவமைத்து, செய்முறையையும் அளித்து வருகிறது. போட்டிப் பருவம் முடியுமுன்னரே தம் வெற்றி தோல்விகளை அன்றாடம் எழுதி வெளியிடும் அணிகளும் உள. எதிரணியின் மோட்டார் பழுதுற்றால் தம்முடையதைக் கழற்றிக் கொடுப்போரும் உளர்.

இவர்கள் ஏமாளிகளா? அல்லர். களத்தில் மூன்று அணிகள் ஒரு பக்கம், மூன்று அணிகள் மறு பக்கம். காலையில் எதிர்த்து நின்றவர் மாலையில் துணைவராக வரக்கூடும். அவரது ரோபோ ஓடினால்தானே நமக்கு வெற்றி? போட்டியின் அமைப்பே இப்பண்பை வளர்க்கிறது. கடுமையாகப் போட்டியிடு, எதிராளியையும் மதித்து உதவு என்னும் நெறியை இவ்வியக்கத்தில் ஊன்றியவர் எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ். இவ்வியக்கத்தின் தலையாய விருதும் களத்தில் வென்றோர்க்கு உரியதன்று. பிற அணிகளுக்கு முன்மாதிரியாக விளங்கி, சமுதாயத்திற்குத் தொண்டாற்றும் அணிக்கே அது வழங்கப்படுகிறது.

அன்பர்களே! இதில் நமக்குப் பாடம் இல்லையா? தேர்வு நெருங்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குறிப்பேட்டைக் காட்டாதே என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவ்வாறு வளர்ந்த பிள்ளை செய்முறைக் கூடத்தில் பிறரோடு கூடி எங்ஙனம் வேலை செய்யும்? தனியே மதிப்பெண் பெறலாம். தனியே ரோபோ செய்தல் அரிது.

நம் சங்கமும் ஒரு பள்ளி அணி போன்றதே. பணி மாற்றல் பெற்றும் ஓய்வு பெற்றும் ஆண்டுதோறும் சிலர் விடைபெறுகின்றனர். அவர்களுடைய அனுபவம் அவர்களோடு ரயில் ஏறிவிடுதல் ஆகாது. விழா நடத்திய முறை, தமிழ் வகுப்பின் பாடத்திட்டம், புத்தக இருப்பு, வரவு செலவு யாவற்றையும் எழுதி, வருவோர் கையில் ஒப்படைப்போம். நம் காலனிப் பிள்ளைகள் கூடிச் செய்யவும், செய்ததை மறைக்காது சொல்லவும் இன்றே பழக்குவோம்.

வாழ்க நம் சங்கம்!